ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை

யோகராஜா அங்கிள் போனது மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. தேநீர் இடைவேளை முடிந்து நாங்கள் மறுபடி கையுறை மாட்டிக்கொண்டிருந்தோம். கிழக்கு லண்டனில் டகனத்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் மீன் குளிரறையில் எனக்கு அப்போது வேலை. டில்பரி துறைமுகத்தில் இறங்கும் மீன் கொன்டெய்னர்கள் லொறியில் அங்கே வரும். உறைந்த மீனை ஆண்கள் வாள் மெஷினில் துண்டு போடுவார்கள். நீள மேசையில் நிற்கும் பெண்கள் நாங்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்துப் பையில் அடைப்போம். கொன்டெய்னர் கதவில் முத்திரையாகப் போட்ட சீலை வெட்டித் திறப்பது அங்கிளின் வேலை. வேறு யாரும் அந்தச் சீலில் கை வைப்பதில்லை.

அன்று அவர் வேலை உடுப்பில் இல்லை. தடித்த கறுப்புக் கோட் போட்டிருந்தார். கையில் சில்லு வைத்த பெரிய பெட்டி. மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சரி, போட்டு வாறன்."

"ஓம் அண்ணை, கவனமாப் போட்டு வாங்கோ," என்றார் கமலேஸ்வரி அக்கா.

தூத்துக்குடிக்காரி ராஜலட்சுமி அக்கா கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பக்கத்தில் நின்ற மரியநாயகி அன்ரி, அங்கிளின் மனைவி, ஓர் அறுக்குளா மீன் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "ஓம்," என்றார். அவ்வளவுதான். அங்கிள் உடனே போகவில்லை. எதையோ மறந்தவர் போல நின்றார். பிறகு பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். ஈரச் சீமெந்தில் சில்லுகள் கடகடத்த சத்தம் கேற்றைத் தாண்டும் வரை கேட்டது.

பெட்டியோடு புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். அந்த மேசையில் நின்ற யாரும் இதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்த எனக்கும் அது வாயைக் கட்டிப்போட்டது. பாரந்தூக்கி ஓட்டும் போலந்துக்காரன் மாரெக் அன்று வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவன் ஒருவன் கேட்டிருப்பான்.

பிறகு இந்த வழக்கத்தை அவனுக்கு விளங்கப்படுத்தினேன். அவன், "அப்போ உங்கள் ஆட்கள் யாராவது தொலைந்துபோனால் எங்கே போய்த் தேடுவீர்கள்?" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை டில்பரியிலிருந்து ஒரு கொன்டெய்னர் வந்தது. அதன் பின்னாலேயே சுங்க அதிகாரிகளின் வான் வந்து நின்றது. எங்களை வெளியே மழைக்குள் நிற்கச் சொன்னார்கள். சீலை அவர்களே வெட்டினார்கள். மீன் பெட்டிகளை வரிசை வரிசையாக இறக்கினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் சிகரெட் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. முதலாளி தவராசா அண்ணை தன் தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த நாள்தான் விட்டார்கள். இடத்தை இரண்டு கிழமை பூட்டி வைத்தார்கள்.

திறந்த நாளன்று மேசையில் மீனை விடக் கதைதான் கூட இருந்தது.

"எனக்கெண்டால் விளங்கீட்டுது," என்றார் கமலேஸ்வரி அக்கா. "சீல் வெட்டுறவருக்குத் தெரியாமல் உள்ளுக்கை ஒண்டும் வரேலாது. ஆள் கூட்டு. பிடிபடப்போகுது எண்டு மணம் பிடிச்சவுடனை பறந்திட்டார்."

"அட நீங்க வேற," என்றார் ராஜலட்சுமி அக்கா. "திருடுறவன் பொட்டிய உருட்டிட்டு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டா போவான்? இவருதான் போட்டுக் கொடுத்திருக்காரு. கொடுத்துட்டு, மானம் போயிரும்னு கிளம்பிட்டாரு."

"காட்டிக் குடுக்கிறதுக்கு அந்தாளுக்கு இங்கிலிசு வருமே?"

"போன்ல தமிழ் ஆளு வேணும்னு கேட்டா வெச்சுத் தருவாங்கக்கா. எங்க வீட்டுக்காரரு பெனிபிட்டுக்கு அப்படித்தான் பேசுறாரு."

இவ்வளவும் அன்ரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான். அவர் துண்டுகளை எண்ணிப் பையில் அடைத்தார். எனக்கும் சந்தேகம்தான். கொன்டெய்னர் வரமுதல் மூன்றாம் நாள் ஒரு மனிதர் புறப்பட்டுப் போகிறார், அவருடைய போன் நிறுத்தியிருக்கிறது, மனைவி ஒரு சொல் பேசவில்லை. இதில் எதை நம்புவது?

தவராசா அண்ணை மேசைக்கு வந்தார்.

"மரியநாயகியக்கா, அண்ணை எங்கை?"

"தெரியாது தம்பி."

"புருசன் போன இடம் பொஞ்சாதிக்குத் தெரியாதோ? ஆருக்குக் கதை விடுறியள்?"

"பெட்டியோடை போற மனுசனிட்டை எங்கை எண்டு கேக்கிறதே?"

தவராசா அண்ணையும் அந்த வழக்கத்தை மீறாதவர். புது லொறி வந்தால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டுத்தான் அதை டில்பரிக்கு அனுப்புகிறவர் அவர். "சரி, வேலையைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்றிலிருந்து மாலையில் அன்ரியின் பையைத் திறந்து பார்க்கச் சொன்னார். வேறு யாருடைய பையையும் பார்க்கவில்லை. இன்னொரு பிழை வந்தால் அன்ரிக்கு அங்கே இடமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில், மீனைத் தவிர வேறொன்றையும் தொட்டு வேலை செய்யாத ஒருவரை வேறு யார் எடுப்பார்கள்?

குட்மேய்ஸில் அவர்களுடைய வீட்டு மேல் அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன்; சமையல் தனி. அங்கிள் போன பிறகும் அன்ரி இரண்டு பேருக்கு இடியப்பம் அவித்தார். அங்கிள் எங்கேயோ பக்கத்தில் ஒளிந்திருக்கிறார், சாப்பாடு போகிறது என்றுகூட நினைத்தேன். மிச்சம் அடுத்த நாள் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வந்தபோதுதான் அந்தச் சந்தேகம் போனது.

ஒரு சனிக்கிழமை அன்ரி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள் முழங்காலில் நின்று, போன் வெளிச்சத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். குடை, தூசி உறிஞ்சும் மெஷின், பழைய கம்பளி எல்லாம் வெளியே கிடந்தன.

"என்ன அன்ரி தேடுறீங்கள்?"

"நோர்வேச் சப்பாத்து."

எனக்கு அவற்றைத் தெரியும். நான் குடிவந்த அன்று என் முதுகுப் பையை அவற்றுக்குப் பக்கத்தில்தான் வைக்கச் சொன்னார். உள்ளே ஆட்டு ரோமம் வைத்த, கணுக்கால் மூடும் பனிச் சப்பாத்துகள். ஒரு சோடி பெரிது, ஒரு சோடி சிறிது. இங்கிலாந்தில் அவற்றைப் போட ஒரு தேவையும் வந்ததில்லை. ஆனாலும் வருடத்தில் ஒரு தரம் அங்கிள் மெழுகு பூசி வைப்பார்.

"ரெண்டு சோடியும் இல்லை," என்றார் அன்ரி. "தன்ரையைக் கொண்டுபோனார், சரி. என்ரையை எவளுக்குக் குடுக்கக் கொண்டுபோனவர்?"

சொல்லிவிட்டு நிலத்தில் அப்படியே இருந்தார். பிறகு அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இடையிடையே எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவர் அவர். இளம் வயதிலேயே நோர்வேயின் வடக்குக் கோடியில் ஒரு துறைமுகப் பட்டினத்துக்குப் போய்விட்டார். குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஊர். படகுகள் கொண்டுவந்து கொட்டும் கொட் மீனை முள் எடுத்து வெட்டும் பக்டரியில் வேலை. எதிர் மேசையில் கொக்குவிலிலிருந்து வந்த யோகராஜா. அன்ரி வேதம், அதாவது கத்தோலிக்கம்; அங்கிள் சைவம். அங்கே அதைக் கேட்க ஆட்கள் இருக்கவில்லை. நகரசபையில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்தார்கள். ஒரே பிள்ளை, கஜந்தினி.

கஜந்தினிக்குப் பதின்மூன்று வயதானபோது, அம்மா அடிக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாள். சிறுவர் நல அதிகாரிகள் வந்தார்கள், கதைத்தார்கள், பிள்ளையை வேறொரு குடும்பத்தில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வர விருப்பமா என்று கேட்டபோது அவள் இல்லை என்றாள்.

"அடிச்சனான்தான் பிள்ளை. இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். அகப்பைக் காம்பாலை அடிச்சனான். என்ரை அம்மா என்னை அடிக்கேல்லையே? ஆனா நான் அம்மாவை ஆருக்கும் காட்டிக் குடுத்தனானே?"

காட்டிக் கொடுப்பது என்ற அந்தச் சொல்லை அவர் மற்றச் சொற்களைப் போலச் சொல்லவில்லை. அவருடைய தமையனை ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். ஆள் காட்டிய ஒருவனின் சாக்கு மூடிய தலை ஜீப்புக்குள் இருந்து ஆடியது, தமையன் போனார், வரவில்லை. அதிலிருந்து அன்ரிக்கு உலகத்தில் காட்டிக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் மறு பக்கம். தன் பிள்ளையையும் அந்தப் பக்கத்தில்தான் வைத்தார். அந்த ஊரை விட்டு லண்டனுக்கு வரும்போது அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்று புருசனுக்குச் சொன்னாராம்: அவளின் வாசலை மிதித்த கால் என் வாசலை மிதிக்கக்கூடாது.

"அங்கிள் அங்கே போயிருப்பாரோ?" என்று கேட்டேன்.

"மேசையிலை கமலேஸ்வரி சொல்லுறாள், கள்ளன் எண்டு. சொல்லட்டும். கள்ளன் எண்டால் மறியலுக்குள்ளை கிடந்திட்டு வரலாம், திருந்தலாம். வேறை பொம்பிளை எண்டாலும் அடிச்சுப்போட்டுச் சோறு போடலாம். அங்கை போயிருந்தால் அந்தாள் எனக்கு இல்லை." அலுமாரிக் கதவை இழுத்துச் சாத்தினார். "அதாலைதான் நான் அண்டைக்குக் கேக்கேல்லை. அந்தத் தடிச்ச கோட்டைக் கண்டனான். லண்டன் மழைக்கு ஆர் அதைப் போடுறது? கேட்டால் சொல்லிப்போடுவார் எண்டு பயத்திலை மீனைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

வழக்கத்துக்காகத்தான் அவர் கேட்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தவராசா அண்ணை கையில் லட்டுப் பெட்டியோடு மேசைக்கு வந்தார்.

"அக்கா, லோயர் இப்பதான் போன் அடிச்சவர். ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லையாம். துறைமுகத்திலை கொன்டெய்னரைப் படம் பிடிக்கிற மெஷின்தான் கண்டுபிடிச்சதாம். சரக்கு வெச்சவங்களை ஏத்தின இடத்திலையே பிடிச்சிட்டாங்கள். அண்ணைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கும் இல்லை. குறை நினையாதேங்கோ."

"நான் அப்பவே சொன்னனான், யோகராஜா அண்ணை தங்கமான மனுசன் எண்டு," என்றார் கமலேஸ்வரி அக்கா.

"எப்ப சொன்னீங்க? நான் காது கேக்காதவளா?" என்றார் ராஜலட்சுமி அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அன்ரி லட்டை வாங்கி, கையுறை மேல் வைத்துக்கொண்டு நின்றார். அது நொறுங்கி மேசையில் விழுந்தது. மற்றவர்களுக்கு அன்று ஒரு பாரம் இறங்கிவிட்டது. அவருக்கோ புருசன் போனதற்கு இருந்த மற்றக் காரணங்கள் எல்லாம் அன்றோடு தீர்ந்து போயின. மிச்சம் இருந்தது ஒரே வாசல்தான்.

அதன் பிறகு அவர் மெதுவாக மாறினார். இடியப்பம் ஒருவருக்குத்தான் அவித்தார். போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை விட்டார். ஒரு முறை, "வாசல் மிதிக்கக்கூடாது எண்டு சொன்னால், போனிலை கதைக்கிறதும் அதுக்குள்ளை வருமே?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் யோசிக்க முன்னரே, "சும்மா கேட்டனான்," என்று எழும்பிப் போனார். நோர்வே நம்பர் அவரிடம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் அதற்குப் போன் அடிக்கவில்லை. கள்ளன் என்று நினைத்த ஆளிடம் எதையும் கேட்கலாம். ஒரு பிழையும் செய்யாமல் போனவரிடம் என்ன கேட்பது?

செய்தி வந்தது அடுத்த வருடம் ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்ரி கோயிலால் வந்து இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. போனை என்னிடம் நீட்டினார். நோர்வே நம்பர். எழுத்து இல்லை, குரல்.

"நீ போட்டுக் கேள், பிள்ளை. நான் குசினிக்குள்ளை நிக்கிறன்."

குசினிக் கதவை அவர் சாத்தவில்லை. நான் சத்தத்தைக் கூட்டிவிட்டு அழுத்தினேன்.

"மரியம், நான்தான். இஞ்சை வந்த அண்டைக்குப் பிள்ளை எனக்குக் கதவு திறக்கேல்லை. பழைய பக்டரியிலை போய்க் கேட்டன், வேலை தந்தாங்கள். ஞாயிற்றுக்கிழமையளிலை போய் அவளின்ரை வாசலிலை நிண்டுபோட்டு வருவன். போன கிழமைதான் திறந்தவள். அவள் திறக்கமுதல் உமக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு பேசாமல் இருந்திட்டன். அண்டைக்கு மேசையடியிலை கொஞ்ச நேரம் நிண்டனான், நீர் எங்கை எண்டு கேப்பீர் எண்டு. கேட்டிருந்தால் உம்மையும் வரச்சொல்லியிருப்பன். அதுக்குத்தான் உம்மடை சப்பாத்தையும் பெட்டிக்குள்ளை வெச்சனான். இப்ப அது அவளின்ரை வாசலுக்கு உள்பக்கம் இருக்கு. நேற்று அவள்தான் மெழுகு பூசினவள். ஆரின்ரை சப்பாத்து எண்டு கேக்கேல்லை."