கணீரென்று பாடிய ரேடியோ

படகுக்கு ரேடியோ வாங்கப் போய், சினிமாப் பாட்டு வைத்துப் பார்த்து வாங்கி வந்த முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடலில் எங்களுக்கு வேண்டியிருந்தது வானிலைப் படம். கரையிலுள்ள நிலையம் அதைச் சிற்றலையில் வெறும் கீச்சொலியாக அனுப்பும். ரேடியோ அந்த ஒலியைப் பிடித்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதைப் படமாக வரைந்துவிடும். படகு முதலாளி, "விலை கம்மியா ஒண்ணு பாரு" என்று என்னைத் தேக்கா கடைத்தெருவுக்கு அனுப்பினார்.

கடைக்காரர் இரண்டு ரேடியோக்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் தமிழ் ஒலிபரப்பை வைத்துப் பார்த்தோம். ஒன்று கணீரென்று பாடியது. மற்றொன்று ஊளையிட்டது.

"இது கத்துது, வேணாம்ணே" என்று நானேதான் அதை ஒதுக்கினேன்.

செம்பவாங் துறையில் நின்ற படகில் வைத்துப் பார்த்தால், திரை முழுக்கச் சாம்பல் புள்ளிகள், படத்தைக் காணோம். மென்பொருளோடு வந்த கையேட்டை அதற்குப் பிறகுதான் புரட்டினேன். படம் பிடிக்க ரேடியோவில் எஸ்எஸ்பி என்றொரு சுவிட்ச் இருக்க வேண்டுமாம்; நான் வாங்கி வந்ததில் அது இல்லை. அந்த சுவிட்சைப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டால், எவ்வளவு நல்ல ரேடியோவும் ஊளைதான் இடுமாம்.

தலையில் அடித்துக்கொண்டு தேக்காவுக்கு மறுபடி பஸ் ஏறினேன்.

அந்த ஊளை ரேடியோ கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தது.

"ஏதோ ஒரு சுவிட்ச் போட்டிருந்துச்சு தம்பி, ஆஃப் பண்ணிட்டேன். இப்ப என்னா குரல் பாருங்க லா! இதை நான் விக்கிறதா இல்ல" என்றார் கடைக்காரர்.

யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாதென்று அந்த சுவிட்சின் மேல் டேப் வேறு ஒட்டி வைத்திருந்தார்.