அய்யாவுவின் பின் டேங்க்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ ஏற்றிப் போகும் அய்யாவுவின் பிக்கப்புக்கு டேங்க் இரண்டு, பம்ப் ஒன்று. முன் டேங்க் காலியானதும் டேஷ்போர்டுக்குக் கீழே சுவிட்சைத் தட்டினால் பின் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். எண்பத்து நாலாம் வருஷம் அது வரவில்லை. தட்டிய கொஞ்ச தூரத்தில் வண்டி இருமும், குலுங்கும், ஹைவே ஓரம் செத்துக் கிடக்கும்.

"பம்ப்தாண்ணே. சூடானா இழுக்கமாட்டேங்குது," என்றான் மேரு ஊர்ப் பட்டறை மெக்கானிக் வேலாயுதம். அய்யாவு பம்பை மாற்றினார். வண்டி மறுபடியும் நின்றது. மறுபடியும் மாற்றினார். "பெட்ரோலுக்குப் பதிலா பம்பைக் குடிக்குதுண்ணே உங்க வண்டி!" என்று சிரித்தான். அய்யாவுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரப்பர் தோட்ட வேலையை விட்டு வந்தபின் அவருக்கு இருந்த பிழைப்பு இந்த வண்டி ஒன்றுதான்.

அவர் மனைவி பவுனம்மாளுக்கு இது கண்ணேறு. வெள்ளிதோறும் ஒருபொழுது விரதமிருந்து, மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டு வண்டி மேல் சுற்றிலும் ஊற்றுவாள். வண்டி நிற்க நிற்க, சொம்பு குடமானது.

"இன்னொரு தடவை லேட்டு பண்ணாதீங்க அங்கிள், வேற லோரி பாத்துருவேன் லா," என்று பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைப் புனிதவதி சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை ஏற்றியது கல்யாண மாலைகள். பாதி வழியில் சுங்கைவே தாண்டி, சுவிட்சைத் தட்டியதும் வண்டி நின்றது.

வெகுநேரம் மல்லுக்கட்டியும் கிளம்பவில்லை. கடைசியில் அவசரத்துக்கு வைத்திருந்த கேன் பெட்ரோலை முன் டேங்கில் ஊற்றி, சுவிட்சை அதற்கே திருப்பினார். கொஞ்சம் முனகிவிட்டு, இன்ஜின் வெண்ணெய் போல ஓடியது. அதே சூடு, அதே பம்ப்.

அப்படியானால் பம்பில் ஒரு கோளாறும் இல்லை. வம்பு பின் டேங்கில்தான்.

"தாலி கட்டியாச்சு அங்கிள்," என்றாள் புனிதவதி, மாலைகளைத் திரும்பியும் பார்க்காமல். "இதையெல்லாம் நீங்களே போட்டுக்கங்க. நாளையிலேர்ந்து வேற ஆள் வருது."

கடைக்குப் பின்சந்தில் வண்டியை நிறுத்தி, அடியில் படுத்துப் பின் டேங்கின் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தார். மேலே விரலளவு பெட்ரோல். கீழே முழுக்கத் தண்ணீர். அதில் வேப்பிலைத் துணுக்கு. மூடி தொலைந்த நாளிலிருந்து டேங்க் வாயில் அடைத்திருந்த துணியை உருவிப் பிழிந்தார். மஞ்சளாக வடிந்தது.

வீட்டு வாசலில் பவுனம்மாள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். பசியில் கன்னம் ஒட்டியிருந்தது.

"நின்னுச்சா? எனக்குத் தெரியும். காலையில ஊத்தவிடாம கிளம்பிட்டீங்க, அதான்."

போத்தல் இருக்கைக்கடியில் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். அவள் குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டு வர, அவர் பின்பக்கம் போய், டேங்க் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"கைய எடுங்க. அங்கயும் படட்டும்."

எடுத்தார்.