என் மதிலில் அவர் பெயர்

போன மாதம், நிந்தவூரில் எங்கள் குறுகலான ஒழுங்கைக்கு, மவுத்தான பழைய எம்.பி.யின் பெயரை வைத்தோம். அவரும் இதே ஒழுங்கைக்காரர்தான். பெயர்ப்பலகை என் மதிலில், ஏற்பாடெல்லாம் நான்தான்.

அந்த மதிலை ஒழுங்கைக்குள் இரண்டடி தள்ளிக் கட்ட, முன்பு அவரிடம் அனுமதிக் கடிதம் கேட்டிருந்தேன். "ஜனாஸா தூக்கிப் போற வழி தம்பி, ஏலா" என்றார். வந்த கோபத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி, அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தேன். வென்றவர், நான் கேட்ட உடனே கடிதம் தந்தார்; மதிலைத் தள்ளிக் கட்டினேன்.

பெயர்ப்பலகைத் திறப்பன்று திரையை விலக்கிய அவர் மகள் பலகையைப் பார்க்கவில்லை.

"வாப்பா வேணாமெண்ட மதில் இதுதானே, சாச்சா?"

"ஓம்" என்றேன்.

போன வருஷம் அவரது உடலைச் சுமந்த சந்தூக்கும் இந்த மதிலில் உரசிக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போனது. தோள் கொடுத்தவர்களில் நானும் இருந்தேன்.

மதிலை இன்னும் இடிக்கவில்லை. பலகையை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைக்கிறேன்.