கஞ்சி போட்ட கோட்டு

தர்ஷினி ஏமாற்றவில்லை. அந்தக் கோட்டை விறைப்பாக்கியவள் நான். அவள் தலைகுனிந்து நின்றபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளும் நானேதான்!

சொல்லிவிட்டேன். நீங்கள் முன்பின் தெரியாதவர் என்பதால்தான் இவ்வளவு எளிதாக வருகிறது. சொல்ல வேண்டியவர்களிடம் இன்னும் சொல்லவில்லையே...

ரெம்பாவ் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பு எங்களுடையது. தோட்டத்து வேலையில் இப்போது எங்களில் யாரும் இல்லை. செண்டாயான் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறோம். நான் அங்கே ஒரு டோபிக் கடையில் துணி துவைத்துத் தேய்க்கிறேன். பக்கத்து வீட்டுத் தர்ஷினி பள்ளியின் துப்பாக்கி சுடும் குழுவில் சேர்ந்தாள் என்றதும் எல்லோரும் சிரித்தோம். "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கியா லா?" என்று கேட்டவர்களே, கோயில் திருவிழாவில் அவளுக்காகத் தோசைக் கடை போட்டார்கள். வேன் வைத்திருந்தவர் சனிக்கிழமைதோறும் சிரம்பானிலிருக்கும் சுடுதளத்துக்கு அவளை ஏற்றிப் போனார். துப்பாக்கி அங்கேயே பூட்டியிருக்கும். கோட்டு மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுத்தது.

கித்தானும் தோலும் வைத்துத் தைத்த கனமான கோட்டு. யாரோ போட்டுப் பழகியதுதான். அதை இறுக்கிப் போட்டால் உடம்பு ஆடாது. உடம்பு ஆடாவிட்டால் குறி தப்பாது.

"இதைத் துவைக்கக் கூடாது, நிழல்ல காயப்போட்டாப் போதும்" என்று பயிற்சி கொடுக்கும் சார் எங்கள் எல்லோரிடமும் சொன்னார். கேட்டேன், கேட்டும்... மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. வியர்வை நாற்றம் குடலைப் புரட்டியது. எங்கள் பிள்ளை நாறும் கோட்டோடு போய் நிற்பதா? துணியைப் பற்றி எனக்கு ஒரு வாத்தியார் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர் வேறு. சொல்லாமல் செய்து அசத்தலாம் என்று, அதற்கு முந்தின நாள் காலையில் அவர்கள் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்துப் போய்க் கடை மெஷினில் போட்டேன்.

வெளியே எடுத்தபோது பிழிந்த துண்டு மாதிரித் துவண்டு கிடந்தது. இது எப்படி உடம்பை ஆடாமல் பிடிக்கும்? என் கைக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, முதுகிலும் முழங்கையிலும் ஊறத் தேய்த்து, உலர்த்தி, இஸ்திரி போட்டேன். கோட்டு தானாகவே எழுந்து நின்றது. எந்த மாப்பிள்ளை வேட்டியும் அப்படி நின்றதில்லை. அவளும் அவள் அம்மாவும் வீடு திரும்புமுன் எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். அன்று நான் பெருமைப்பட்டேன், பாருங்கள்... அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

கோட்டு அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தால் அது ஏமாற்று என்று ஒரு விதி இருக்கிறதாம். எனக்கு எங்கே தெரியும்? மறுநாள் தேர்வுப் போட்டிக்கு ஊரே கூடப் போயிருந்தோம். சுடுவதற்கு முன் துணியை அழுத்திப் பார்க்க அங்கே ஒரு கருவியே வைத்திருந்தார்கள். மேசையிலிருந்த மலாய்க்கார அம்மா இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "கெராஸ் சங்காட் லா" என்று கோட்டைத் தள்ளி வைத்தார். ரொம்ப விறைப்பாம்.

"கோட்டுல என்னம்மா தடவுன?" சார் குரல் மாறிவிட்டது.

தர்ஷினி கோட்டின் கழுத்துப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியல சார்."

என் மடியில் அவளுக்காகக் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள்... எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தோசை சுட்டவர்கள், வேன்காரர், ஊரே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளையைவிட என் பெயர் எனக்குப் பெரிதாகப் போயிற்றா? போயிற்று!

கோட்டில்லாமல் சுட்டாள். துப்பாக்கிக் கனத்தில் தோள் நடுங்கியது எங்களுக்கே தெரிந்தது. மாநிலக் குழுவில் இடம் கிடைக்கவில்லை.

ஊர் அவளை விட்டுவிடவில்லை. மறுபடியும் தோசைக் கடை போட்டு வேறு கோட்டு வாங்கினோம். கல்லை விட்டு நகராமல் சுட்டவள் நான்தான். "ஒங்கள மாதிரி அத்தை கெடைக்க அது குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் அவள் அம்மா. தலையாட்டிக்கொண்டேன். ஆனால் சார் இப்போதெல்லாம் அவளைத் தனியாக நிறுத்தி அவள் கோட்டை மட்டும் அழுத்திப் பார்க்கிறார். அவள் கைகளை விரித்துக்கொண்டு நிற்பாள்.

போன வாரம் பள்ளிச் சீருடையைத் தேய்க்கக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அத்தே... கஞ்சி போட்றாதீங்க, என்ன?"

மெதுவாகச் சொன்னாள். சிரித்தாள். அவள் சீருடைக்கு நான் ஒருநாளும் கஞ்சி போட்டதில்லை.

அப்படியானால் அன்று அவள் தேடியது அம்மாவை அல்ல. என்னைத்தான் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் "தெரியல" என்றிருக்கிறாள்! என் கண்ணே... உன்னை யார் அப்படிச் சொல்லச் சொன்னார்கள்?

இந்தச் சனிக்கிழமையும் வேனில் கூடப் போனேன். இன்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் போனேன். சார் அவளை நிறுத்தி, கோட்டின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து பொட்டலங்களைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.