கணினி கண்டுபிடித்த சகோதரி

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நேந்திரங்காய் வறுபடும் தேங்காயெண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் போதும், என் அப்பாவை நான் சந்தேகப்பட்ட கோடை நினைவுக்கு வந்து காது சூடாகிவிடுகிறது.

வம்சம் தேடும் கிறுக்கு எனக்கு நடுவயதில் பிடித்தது. குழாயில் எச்சில் துப்பி டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தம் ஒத்துப்போகிறவர்கள் என்று கணினியில் ஒரு கல்யாணக் கூட்டமே வந்து இறங்கியது. அப்பா வழிக்கு நீலம், அம்மா வழிக்குப் பச்சை என்று நிறம் பூசிப் பிரித்தேன். பாதிப் பேர் இரண்டிலும் ஒட்டினார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண் முதலிடத்தில் இருந்தவள்மேல். என் வயதுக்காரி, இதே டெல்லி. என்ன உறவாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போன கணினி, கடைசியில் தயங்கித் தயங்கி, ‘ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரி’ என்றது. என்னைப் போல் கவிதை எழுதுகிறவன் கடைசி வரியைத்தானே நம்புவான்!

அப்பா கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடம் அரசாங்க வேலையில் இங்கே தனியாக இருந்தவர். போதாதா? சுவரில் படமாகிவிட்ட அவரை முறைத்தேன். அம்மாவின் முகம் பார்க்காமல் சாப்பிட்டேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்கே எழுதி, மார்க்கெட் சிப்ஸ் கடை வாசலுக்கு வரச் சொன்னேன்.

முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு வந்தாள்.

“எங்கப்பா...” என்று தொண்டையைக் கனைத்தேன்.

“பையா, சூடா கால் கிலோ,” என்று கடைக்காரரிடம் இந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். “உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?”

“அப்பாவோட அக்கா பொண்ணுதான் அம்மா.”

“அச்சா! எங்க வீட்லயும் தலைமுறை தலைமுறையா மாமனைத்தான் கட்டறோம். ஒரே ரத்தம் நாலு வழியா வருது. மெஷினுக்கு இதெல்லாம் தெரியுமா? ரொம்ப நெருக்கம்னு நெனச்சுடும், பாவம்.”

மெஷின் பாவம், சரி. அத்தையையே பாட்டி என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு எங்கே போயிற்று புத்தி?

ஊரையும் அப்பா வழித் தாத்தா பெயரையும் கேட்டாள். “எங்கப்பாவோட அம்மா உங்க தாத்தாவுக்குத் தங்கச்சி. ஆமா, நீங்க என்ன நெனச்சு வந்தீங்க?”

வாய் நிறைய சிப்ஸை அடைத்துக்கொண்டேன். என் முகம் சொல்லிவிட்டது.

“ஹே ராம், பெத்த அப்பாவையா சந்தேகப்பட்டீங்க!” சிரித்து ஓய்ந்தபின் குரல் தணிந்தது. “நான் ஒத்தப் பொண்ணு. ஒரு அண்ணன் கெடைப்பார்னு ஆசையா வந்தேன். முறை பாத்தா நீங்க அத்தான் ஆகறீங்க.”

மெட்ரோ வாசல்வரை உடன் நடந்தேன். “வரேன், அத்தான்,” என்று படியிறங்கியவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள்.

“ஐயே, நல்லாவே இல்ல. அண்ணாவாவே இருங்க. வரேண்ணா!”