நாயகியின் வசனம்

“உன்னை நான் ஒருநாளும் நேசித்ததில்லை” என்று நாயகிக்காக வாசித்த ஜெனோன், அதே மூச்சில், “சே, இதெல்லாம் ஒரு கதையா? வாந்திதான் வருது” என்றும் மைக்கில் சொல்லிவிட்டார்.

வார்சா தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படங்களின் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஏற்ற இறக்கமில்லாமல் வசனத்தைப் போலிஷ் மொழியில் வாசிப்பவர் அவர் ஒருவர்தான். திங்களன்று பேசும் நாய்க்கு வாசித்தார். செவ்வாயன்று இரண்டு முறை செத்தவனுக்கு. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. வேலை போயிற்று என்று நினைத்தார்.

ஒலிப்பதிவாளர் கிராஷீனா நிமிரவில்லை. “நல்லா வந்திருக்கு சார்.”

“கடைசி வரியக் கேட்டியாம்மா?”

“கேட்டேனே. அந்தப் பொண்ணு இப்பதான் உருப்படியா ஒண்ணு பேசுறா.”

ஜெனோன் திருத்தவில்லை.

மறுநாள் படம் அப்படியே ஒளிபரப்பானது. புகார் எதுவும் வரவில்லை. அவர் அடுத்த படத்தை வாசித்தார்.