அப்பாவுக்கு உப்பில்லாத கறி

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் என் பேச்சைத் தட்டியதில்லை, என் முகத்துக்கு நேரே. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்தேன். கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இது என் அப்பாவைப் பற்றியது. நான் அவரைப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டைக்கு ஆள் எடுத்தபோது, பதுளைக்கு நடந்தே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் ஏறிய கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். உடம்பும் வரவில்லை, உடுப்பும் வரவில்லை. அம்மா கடலையே பார்த்ததில்லை. அது உப்பு என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். அம்மா அப்பாவுக்கு ஆட்டுக்கறி சமைப்பார், ஒரு கல் உப்பில்லாமல். கோயில் பூசாரி ஒரு தடவை கேலி செய்தார்.

"ஏம்மா, பட்டாளத்துக்காரனுக்கு உப்பில்லாம போட்டா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிற மாட்டானா?"

"அவரு குடிச்ச உப்பு ஏழு தலமொறைக்குக் காணும் சாமி. நீங்க மணிய அடிங்க," என்றார் அம்மா.

படையல் முடிந்ததும் அந்தக் கறியை வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டும். முகம் சுளிக்கிறவர் பாத்திரம் கழுவ வேண்டும். அம்மா வைத்த சட்டம் அது. என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, கடைசியில் ஆறு பேருமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பாத்திரத்தோடு நிற்பார்கள். அவர்கள் சிரிப்பு லயம் முழுக்கக் கேட்கும்.

அம்மாவுக்குப் பிறகு நான் சமைத்தேன். போன தீபாவளிக்கு இடுப்பு விட்டுவிட்டது, அடுப்படியில் நிற்க முடியவில்லை. எனக்குப் பிறகு அப்பாவுக்கு யார் போடுவார்கள் என்ற கவலை அன்றுதான் வந்தது. ஹல்துமுல்லையிலிருந்து வந்த கடைசி மருமகள் கரண்டியை எடுத்தாள். படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது, யாரும் பார்க்கவில்லை. கும்பிட்டு முடித்து முதல் வாய் வைத்தேன். கறி அருமையாக இருந்தது.

உப்பு அளவாக விழுந்திருந்தது.

"கைப் பழக்கத்துல போட்டுட்டேன் அத்த," என்றாள் மருமகள். கண் கலங்கிவிட்டது.

"நல்லாத்தானே இருக்கு," என்றான் கடைசி மகன். "இந்த வருசம் பாத்திரம் கழுவ ஆளில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எம்பது வருசமா உப்புத் தண்ணிக்குள்ள கெடக்குற மனுசன். இன்னைக்குத் தாகத்தோட போயிருப்பாரு," என்றேன்.

மருமகள் எழுந்தாள். மறுநாளைக்கு வைத்திருந்த பச்சைக் கறியில் ஒரு பிடி எடுத்தாள், அடுப்பைத் திரும்ப மூட்டினாள். நான் சொல்லவே இல்லை. உப்புப் போத்தலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க அத்த. என்னைய நம்பாதீங்க."

புது இலை போட்டு இரண்டாம் முறை கும்பிட்டோம். கறி சப்பென்று இருந்தது. முதலில் முகம் சுளித்தது சமைத்தவளேதான். அவளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு வலி கூடத் தெரியவில்லை. நானும் முகம் சுளித்தேனாம். சட்டப்படி எனக்கும் இரண்டு கிண்ணம் கழுவக் கிடைத்தது.

இனி எனக்குக் கவலை இல்லை. ஆனாலும் எழுதி வைப்பது நல்லது.

"எழுதிட்டியாடி? எங்க, மொதல்ல இருந்து வாசி. உப்புப் போடக் கூடாதுங்கிறத விட்டுட்டியான்னு பாப்போம்."